சீமைக்குப் போகும் வாழைக்கன்று

பழம் போகலாம், கன்று போகலாமா?

"அம்மா, அடுத்த தடவை வரும்போது ஒரு ரஸ்தாளிக் கன்று கொண்டு வாம்மா. தொட்டியில் வைத்து வளர்க்கிறேன்."

லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் மகள், ஸ்ரீரங்கத்தில் இருக்கும் தாயிடம் டெலிபோனில் இப்படிக் கேட்கிறாள்.

"அதுக்கென்ன கண்ணு! சின்னக் கன்றாகப் பார்த்து, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டு வர்றேன்" என்கிறாள் தாய்.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளில் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. ஆசையில் தப்பு இல்லை. ஆனால் பெட்டியில் கன்றை வைப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொள்ள வேண்டும்.

குளிர் நாட்டில் வாழை வளருமா? கன்றை எடுத்துப் போகச் சட்டம் இடம் தருமா? எடுத்துப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஏன் இந்த ஆசை?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது ஸ்ரீரங்கம் தீவு. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் மண். வாழைக்கு ஏற்ற மண் அது. லால்குடி, தொட்டியம், முசிறி என்று சுற்றிலும் வாழைத் தோட்டங்கள்.

பூஜைக்குப் பூவன், தின்பதற்கு ரஸ்தாளி, தித்திப்புக்குக் கற்பூரவல்லி, பொரியலுக்கு மொந்தன், வறுவலுக்கு நேந்திரன் என்று ஆளுக்கு ஒரு வேலை உண்டு. இலை, பூ, தண்டு, நார் எதுவும் வீண் போவது இல்லை.

இந்தியாவில் ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் வாழைப்பழம் விளைகிறது. உலகத்திலேயே அதிகமாக வாழை விளைவது நம் நாட்டில்தான்.

ஆனால் லண்டன் கடையில் பெரும்பாலும் கிடைப்பது ஒரே ஒரு வகைதான். நீளமான, வளைந்த பழம். பெயர் "காவெண்டிஷ்". நம் ஊர் பச்சை வாழையின் சொந்தக்காரன் அது. ரஸ்தாளியின் மணமும் புளிப்பு கலந்த இனிப்பும் அதில் கிடைக்காது. அதனால்தான் மகள் கன்று கேட்கிறாள்.

பிரபுவின் கண்ணாடி வீடு

குளிர் நாட்டில் வாழை வளர்ப்பது புதிய சங்கதி இல்லை.

1736-ஆம் ஆண்டிலேயே அது நடந்தது. ஹாலந்து நாட்டில் கிளிஃபோர்ட் என்ற செல்வந்தருக்கு ஒரு தோட்டம் இருந்தது. அங்கே கண்ணாடி வீட்டுக்குள் வாழை பூத்தது. பூக்க வைத்தவர் லின்னேயஸ். செடி கொடிகளுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டும் முறையை வகுத்தாரே, அதே லின்னேயஸ்தான்! சில வாரம் தண்ணீர் விடாமல் காயப் போட்டார். பிறகு தாராளமாகத் தண்ணீர் விட்டார். மழைக்காலம் வந்துவிட்டது என்று நினைத்ததுபோல வாழை பூத்தது.

அடுத்த கதை இன்னும் சுவையானது.

இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் ஒரு பிரபு இருந்தார். டெவன்ஷையர் பிரபு. குடும்பப் பெயர் காவெண்டிஷ். அவருடைய தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். மொரீஷியஸ் தீவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருந்த ஒரு குட்டை ரக வாழையைப் பாக்ஸ்டன் வாங்கினார்.

எருவும் வளமான மண்ணும் போட்டு, கண்ணாடி வீட்டில் நட்டார். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே 18 டிகிரி முதல் 30 டிகிரி வரை சூடு இருக்கும்படி பார்த்துக்கொண்டார். 1835-ல் அது குலை தள்ளியது. நூற்றுக்கு மேல் பழங்கள்! அடுத்த ஆண்டு லண்டன் தோட்டக்கலைக் காட்சியில் பாக்ஸ்டனுக்குப் பதக்கம் கிடைத்தது. வாழைக்குப் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் அந்த வாழையைத் தென் கடலில் உள்ள சமோவா தீவுக்குக் கொண்டு போனார். அங்கிருந்து அது பல தீவுகளுக்குப் பரவியது. இன்று நாடு விட்டு நாடு போகும் வாழைப்பழத்தில் பெரும் பகுதி காவெண்டிஷ் வகைதான்.

இங்கிலாந்துக் கண்ணாடி வீட்டில் பழுத்த வாழையின் பெயர் இன்று உலகச் சந்தை எங்கும் பரவிவிட்டது!

தொட்டியில் வளர்ப்பது எப்படி?

பிரபுவுக்குக் கண்ணாடி வீடு இருந்தது. சாதாரணக் குடும்பம் என்ன செய்யும்?

முதலில் ஒன்று தெரிய வேண்டும். வாழை ஒரு மரமே அல்ல. பெரிய பூண்டு. நாம் மரம் என்று சொல்வது இலைகளின் மட்டைகள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு நிற்பது. உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் இருக்கிறது.

வாழைக்கு 27 டிகிரி அளவு சூடு இருந்தால் கொண்டாட்டம். 14 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். உறைபனி பட்டால் இலை கருகிவிடும்.

அதனால் குட்டை ரகம்தான் தொட்டிக்கு ஏற்றது. குட்டைக் காவெண்டிஷ் செடியை அந்த நாட்டு நாற்றுப் பண்ணைகளிலேயே விற்கிறார்கள்.

தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். கோடையில் வெளியே வெயிலில் வைக்கலாம். அப்போது தண்ணீரும் உரமும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். இரவுக் குளிர் 10 டிகிரியை நெருங்கும் முன்பே தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். தெற்குப் பார்த்த ஜன்னல் ஓரம் நல்லது. குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். குளிரில் மண் ஈரமாகவே இருந்தால் கிழங்கு அழுகிவிடும்.

நம் ஊரில் ஓர் ஆண்டு அல்லது சற்று அதிகமான காலத்தில் குலை வெட்டலாம். அங்கே அந்த அவசரம் கூடாது. இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். குலை தள்ளாமலே போனாலும் போகலாம். இலை கிடைத்தால் அதுவே லாபம்! தீபாவளிக்கு இலை போட்டுச் சாப்பிடலாம் அல்லவா?

ஆக, முதல் கேள்விக்குப் பதில்: வளரும். பழம் தருமா என்பது சூட்டையும் வெளிச்சத்தையும் பொறுத்தது.

வாழையடி வாழை

"வாழையடி வாழையாக வாழ்க" என்று பெரியவர்கள் வாழ்த்துகிறார்கள். தாய் வாழை சாயும்; பக்கத்தில் கன்று நிற்கும். குலம் தழைக்கும்.

வாழ்த்துக்கு அது அழகு. விவசாயத்துக்கு அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

நாம் உண்ணும் வாழையில் விதை கிடையாது. தாயின் கிழங்கிலிருந்து கன்று கிளம்புகிறது. ஆகவே கன்று தாயின் அச்சு. தாய்க்கு எந்த நோய் ஆகாதோ, அது கன்றுக்கும் ஆகாது. பேரனுக்கும் ஆகாது. ஒரே வகையை உலகம் எங்கும் நட்டால், ஒரே நோய் எல்லாவற்றையும் அழிக்க முடியும்.

இது வெறும் பயம் இல்லை. நடந்திருக்கிறது.

காவெண்டிஷுக்கு முன்னால் உலகச் சந்தையை ஆண்ட வாழை "குரோ மிஷல்". மத்திய அமெரிக்கா முழுவதும் அதையே நட்டார்கள். "பனாமா வாடல்" என்ற நோய் வந்தது. 1960-ஆம் ஆண்டு வாக்கில் அந்த வியாபாரமே முடிந்துபோயிற்று. அதன் இடத்தைப் பிடித்ததுதான் காவெண்டிஷ்.

மண்ணில் ஒளியும் எதிரி

வாடல் நோய் ஒரு பூஞ்சணத்தால் வருகிறது. மண்ணில் இருந்து வேர் வழியாக ஏறும். தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். இலைகள் மஞ்சளாகி, பாவாடை போலத் தொங்கும். தண்டு பிளக்கும். மருந்து அடித்து அதை ஒழிக்க முடியாது. அந்த மண்ணில் பல பத்து ஆண்டுகள் உயிரோடு பதுங்கி இருக்கும்.

இப்போது காவெண்டிஷையும் தாக்கும் புதிய வகை பரவுகிறது. விஞ்ஞானிகள் அதை "டி.ஆர்.4" என்கிறார்கள். 2019-ல் அது தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. நம் நாட்டில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எப்படிப் பரவுகிறது? கன்றில் ஒட்டிக்கொண்டு போகும். மண்வெட்டி மண்ணில் போகும். செருப்பு மண்ணிலும் போகும்!

இன்னொரு விஷயமும் உண்டு. பழைய வகை வாடல் நோய்க்கு மிக எளிதில் ஆளாவது எந்த வாழை தெரியுமா? மகள் கேட்கும் அதே ரஸ்தாளிதான். வெளிப் பார்வைக்குக் கன்று பசுமையாக இருக்கும். உள்ளே நோய் குடியிருக்கலாம்.

கன்றோடு வந்த வியாதி

முடிக்கொத்து நோய் என்று ஒன்று. இது நச்சுயிரி நோய். வாழையின் உச்சியில் இலைகள் குறுகிக் கொத்தாக நிற்கும். குலை வராது. அசுவினிப் பூச்சி ஒரு வாழையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு போகும். நீண்ட தூரம் கொண்டுபோவது மனிதன் எடுத்துச் செல்லும் கன்று.

1940-ஆம் ஆண்டு வாக்கில் இலங்கையிலிருந்து இந்த நோய் கேரளத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு தமிழ்நாட்டுக்கும் பரவியது. பழனி மலையில் விளையும் விருப்பாச்சி மலை வாழை இதனால் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. நல்ல ரகம் என்று ஆசைப்பட்டு எடுத்துச் செல்லும் கன்றால் எத்தனையோ குடும்பங்கள் நஷ்டப்பட நேர்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 டிசம்பர் 14-ந் தேதி முதல் ஐரோப்பிய யூனியனில் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது. பயணிகள் கொண்டுவரும் பழத்துக்கும் செடிக்கும், நோய் இல்லை என்று அரசாங்கம் தந்த சான்றிதழ் வேண்டும். ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு. அன்னாசி, தேங்காய், பேரீச்சை, டுரியன், வாழைப்பழம்.

விலக்கு பழத்துக்குத்தான். கன்றுக்கு இல்லை!

மற்ற நாடுகளிலும் சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. மண் ஒட்டிய செடியைப் பெரும்பாலான நாடுகள் உள்ளே விடுவதே இல்லை. மறைத்துக் கொண்டுபோனால் கன்று பறிபோகும். அபராதமும் விழலாம்.

"டொரண்டோவில் வாழைத் தோட்டமா இருக்கிறது? என் ஒரு கன்றால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. டொரண்டோவில் இல்லைதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஸ்பெயினைச் சேர்ந்த கனாரித் தீவுகளில் இருக்கிறது. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளிலும் இருக்கிறது. அங்கே வாழையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு.

திரும்பி வரும் பயணத்தையும் நினைத்துப் பாருங்கள். மகளோ மகனோ ஊருக்கு வரும்போது, "அங்கே பார்த்த அழகான ரகம்" என்று ஒரு கன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால்? அது இறங்கும் இடம் திருச்சி. சுற்றிலும் வாழை. காவிரித் தண்ணீர் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் பாயும் பூமி. நோய் பாய்வதற்கும் அதுவே வழி.

குளிர் நாட்டில் வாழை வங்கி

உலகத்திலேயே பெரிய வாழைச் சேமிப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? பெல்ஜியம் நாட்டில், லூவன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1985-ல் தொடங்கியது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாழை வகைகளைச் சின்னஞ்சிறு செடிகளாகக் கண்ணாடிக் குழாயில் வைத்திருக்கிறார்கள். பலவற்றை மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்தும் காக்கிறார்கள்.

வாழையே விளையாத நாட்டில் வாழை வங்கியா? காரணம் இருக்கிறது. சுற்றிலும் வாழை இல்லை. ஆகவே வாழை நோயும் இல்லை. அங்கிருந்து உலக நாடுகளுக்கு ரகங்கள் மண் இல்லாமல், சோதனை செய்யப்பட்டு, குழாயிலேயே போகின்றன. கன்று நாடு கடக்க நேர்வழி இதுதான்.

திருச்சியிலும் இத்தகைய வேலை நடக்கிறது. தாயனூரில் மத்திய அரசின் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1993-ல் ஏற்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட வாழை வகைகளை அங்கே சேர்த்து வளர்க்கிறார்கள். வாடல் நோயை ஆராய்கிறார்கள். திசு வளர்ப்பு வாழையில் நச்சுயிரி உண்டா என்று சோதிக்கிறார்கள்.

பாபா அணு ஆராய்ச்சி மையத்துடன் சேர்ந்து "காவேரி வாமன்" என்ற குட்டை ரகத்தையும் தந்திருக்கிறார்கள். பெயருக்கு ஏற்ற குள்ளம். காற்றுக்குச் சாயாது. மொட்டை மாடித் தோட்டத்துக்கும் ஏற்றது.

ஒரு நோய் ஒரு வகையை அழித்தால், தாங்கி நிற்க வேறு வகை வேண்டும். பூவன், வாடல் நோயைத் தாங்கும். ரஸ்தாளி தாங்காது. ஆனால் பூவனுக்கு வேறு நோய் வரும். எல்லாம் இருந்தால்தான் எதுவாவது மிஞ்சும். பல வகையையும் விடாமல் நட்டு வரும் காவிரிக்கரை விவசாயி, தமக்குத் தெரியாமலே உலகத்துக்குக் காப்பு கட்டுகிறார்.

தாய்மார்களுக்கு

பயணம் போகும் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டியவை நாலு விஷயம்.

ஒன்று: வாழைக்கன்றைப் பெட்டியில் வைக்காதீர்கள். பிள்ளைகள் இருக்கும் நாட்டிலேயே, பதிவு பெற்ற நாற்றுப் பண்ணையில் குட்டை ரகச் செடி வாங்கச் சொல்லுங்கள்.

இரண்டு: முறைப்படி கொண்டுபோகத்தான் வேண்டுமா? அந்த நாட்டின் அனுமதியும் நம் அரசாங்கத்தின் சான்றிதழும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

மூன்று: வாழைப்பழம் கொண்டுபோவதானால் அந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும்.

நான்கு: அங்கிருந்து செடியோ மண்ணோ இங்கே வர வேண்டாம். தோட்டத்தில் நடந்த செருப்பைக் கழுவிவிட்டு வாருங்கள்.

மகள் ரஸ்தாளிக்காக ஏங்குகிறாளா? லீவுக்குப் பேரக் குழந்தைகளுடன் ஸ்ரீரங்கத்துக்கு வரச் சொல்லுங்கள். ஒரு சீப்புப் பழம் வாங்கி வையுங்கள். இந்த மண்ணில் பழுத்த ருசியை இங்கேயே உட்கார்ந்து சாப்பிடட்டும்!