முதல் பந்தி

மார்கழியில் சுபகாரியம் கூடாது என்பதால் எங்கள் வீட்டில் எல்லாமே தை மாதத்துக்காக வரிசையில் நிற்கிறது. புது வாஷிங் மெஷின், கொழுந்தனாருக்குப் பெண் பார்க்கும் படலம், அப்புறம் என்னுடைய கட்டுச் சோறு. எனக்கு இது ஏழாம் மாதம்.

கட்டுச் சோறு என்றால் என்னவென்று கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்லுகிறேன். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ ஒரு நல்ல நாள் பார்த்து, தாய் வீட்டார் புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று வகை வகையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். கர்ப்பிணியை உட்கார வைத்து முதல் இலையை அவளுக்குப் போடுவார்கள். கை நிறைய வளையலும் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், வளையலைவிட அந்த முதல் இலைதான் பெரிய மரியாதை.

அதற்கு முன்னால் நோம்பி வந்துவிட்டது. பண்டிகைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். போகியன்று பல ஊர்களில் பழையதைப் போட்டுக் கொளுத்துவார்கள். இங்கே காப்புக் கட்டுதான் விசேஷம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல், கிணறு, தொழுவம் எல்லாவற்றிலும் செருகுவார்கள். நகரத்தில் கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் எங்கே போவது? ஸ்கூட்டருக்கு ஒரு கொத்து, தண்ணீர் மோட்டாருக்கு ஒரு கொத்து. பூ மார்க்கெட்டில் வாங்கி வந்ததில் ஒன்று மிஞ்சிவிட்டது. "உனக்கும் ஒன்று கட்டிவிடட்டுமா?" என்றார் என் வீட்டுக்காரர். கட்டியிருந்தால் தேவலை. பண்டிகை வீட்டில் அகப்பட்டுக்கொண்ட கர்ப்பிணிக்கு யோசனை சொல்ல வருகிறவர்களிடமிருந்தாவது காப்பாற்றியிருக்கும்!

அப்பப்பா, எத்தனை யோசனைகள்! ஒரு சின்னம்மா குங்குமப்பூ கொண்டுவந்தார். பாலில் போட்டேன். பாலின் நிறம் மாறிற்று. குழந்தையின் நிறம் அப்பா அம்மா வழியாக ஏற்கெனவே முடிவாகிவிட்ட சங்கதி. இன்னொருவர் பப்பாளி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். காயின் பாலுக்குத்தான் பயம், நன்றாகக் கனிந்த பழத்துக்கு அல்ல. வயிற்றைப் பார்த்து ஆரூடம் சொன்னவர்கள் கணக்குப்படி, ஒரே நாளில் எனக்கு இரண்டு ஆண், மூன்று பெண்!

நாட்டுச் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் சாப்பிட்டால் ரத்தம் ஊறும், மாத்திரை எதற்கு என்ற யோசனையைத்தான் என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை. சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் கர்ப்ப காலத்தில் வேண்டிய இரும்புச் சத்தை அவற்றை மட்டும் கொண்டு ஈடு கட்டிவிட முடியாது. அதனால்தான் நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை, 180 நாளைக்கு என்று கொடுக்கிறார்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். குமட்டுகிறது, வெளிக்குக் கறுத்துப் போகிறது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் எத்தனையோ பேர். கறுப்பதில் பயமில்லை. குமட்டினால் டாக்டரம்மாவிடம் சொன்னால் வேளையையோ மாத்திரையையோ மாற்றிக் கொடுப்பார். முக்கியமாக, காப்பி, டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள். இரும்பு உடம்பில் சேராமல் அவை தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு துணை செய்யும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் எனக்காகத் தெரிந்துகொண்டது. உபயோகப்பட்டதோ என் ஓரகத்திக்கு.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயது முப்பத்து நாலு, இரண்டு பிள்ளைகள். நோம்பிக்கு ஒரு வாரம் முன்னால், பொங்கலுக்குப் பச்சரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். அவள் கை முறத்துக்கும் வாய்க்குமாகப் போய்க்கொண்டே இருந்தது. "அரிசி மென்னா கல்யாணத்தன்னிக்கு மழை வரும்" என்று அத்தை கேலி செய்தார். "ஆன கல்யாணத்துக்கு இனி என்னத்தைங்க மழை!" என்று அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மசக்கையில் சாம்பலும் மண்ணும் தின்னத் தோன்றுவதைப்போல, ஓயாமல் பச்சரிசி மெல்லத் தோன்றுவதும் இரும்புச் சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம் என்று படித்திருந்தேன். மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குவதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எனக்கு மாதாந்தரப் பரிசோதனை நாள் வந்தபோது, துணைக்கு வாருங்கள் என்று சொல்லி அவளையும் அழைத்துப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். என் ஹீமோகுளோபின் 11.2. அவளுடையது 8.4! வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவளைவிடச் சுமக்காதவளுக்குக் குறைவு. டாக்டரம்மா மாதவிலக்கைப் பற்றிக் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. மாதாமாதம் ஏழெட்டு நாள் அதிகப் போக்கு. வருஷக் கணக்காக யாரிடமும் சொன்னதில்லை. அதற்குத் தனியாக வைத்தியம், கூட இரும்பு மாத்திரை, ஒரு பூச்சி மாத்திரை.

இது ஒரு வீட்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் கர்ப்பிணிகளில் ரத்தசோகை உள்ளவர்கள் நூற்றுக்கு 52 பேர். பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயது வரையுள்ள எல்லாப் பெண்களையும் சேர்த்துப் பார்த்தாலோ 57 பேர். தமிழ்நாட்டில் 53. கர்ப்பிணிக்கு 11 கிராம், மற்றவர்களுக்கு 12 கிராம் என்று அளவுகோல் சற்று மாறுபடும் என்பது வாஸ்தவம். இருந்தாலும், ரத்தசோகை கர்ப்பத்தோடு வந்து கர்ப்பத்தோடு போகிற விருந்தாளி அல்ல என்பது தெரிகிறதல்லவா? முன்பே வீட்டுக்குள் இருக்கிறது. அதனோடு பிரசவத்துக்குப் போகிறவளுக்குக் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போனாலும் தாங்காது. குழந்தையும் எடை குறைந்து பிறக்கக் கூடும்.

கர்ப்பிணிக்கு ஆகாரம் வேண்டுமென்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அங்கன்வாடிகளில் சமுதாய வளைகாப்பு நடத்திச் சாதம் போடுகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலுள்ள மகப்பேறு உதவித் திட்டத்தில் ஏழைத் தாய்மாருக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. சரிதான். ஆனால் பிள்ளை பெற்று, அவை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, அக்காவை உட்கார வைத்து இலை போடுகிறவர் யார்?

பொங்கலன்று பார்த்துக்கொண்டே இருந்தேன். காலை நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்தவள் அவள். பொங்கல் பொங்கிற்று. ஒறம்பரை வந்தார்கள், அதாவது விருந்தாளிகள். முதல் பந்தி ஆண்கள். இரண்டாம் பந்தி குழந்தைகளும் நானும். நான் கர்ப்பிணி, ஆகையால் எனக்குச் சலுகை. மூன்றாம் பந்தி பெரியவர்கள். அக்கா உட்காரும்போது மணி மூன்றே கால். பருப்பும் பொரியலும் தீர்ந்திருந்தன. ரசமும் அப்பளமும் மிச்சம். வெறும் வயிற்றைச் சமாளிக்க அதற்குள் மூன்று டம்ளர் காப்பி குடித்திருந்தாள். காலை மாத்திரை எந்தக் காப்பியோடு உள்ளே போயிற்றோ!

யாரும் அவளைப் பட்டினி போடவில்லை. அத்தை தங்கமானவர். "எல்லாரும் எந்திரிச்ச பொறகு நாம நிம்மதியா உக்காந்துக்கலாம் கண்ணு" என்று அவர் சொன்னதும் அன்பினால்தான். நாற்பது வருஷமாக அவரும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறார்?

மூன்றாம் நாள் பூப்பறிக்கிற நோம்பி. சின்னப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பேரூர்ப் பக்கம் போனோம். ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்து, கட்டிக்கொண்டு போன சோற்றைப் பிரித்தோம். அங்கே பந்தி ஏது? பரிமாறுகிறவர் ஏது? எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே சமயத்தில் கை வைத்தோம். அக்கா தயிர்ச்சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். வீட்டில் அவள் எதையும் இரண்டாம் தடவை கேட்டு நான் பார்த்ததில்லை.

அன்றிரவே அம்மாவுக்குப் போன் செய்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டுச் சோற்றில், எனக்குப் பக்கத்தில் முதல் பந்தியிலேயே இரண்டு இலை கூடுதலாக வேண்டுமென்றேன்.

"ஆருக்குங் கண்ணு?"

"ஒன்று அக்காவுக்கு, ஒன்று உங்களுக்கு."

"நா உக்காந்துட்டா எலைக்குப் போடறது ஆரு?"

அண்ணனும் உங்கள் மாப்பிள்ளையும் போடுவார்கள் என்றேன். அம்மா வெகு நேரம் சிரித்தார். மாப்பிள்ளையிடம் நான் இன்னும் சொல்லவில்லை.