அனுமதி கேட்டு நுழையட்டும்



பிறர் இல்லத்தில் நுழையுமுன் ஸலாம் கூறி அனுமதி பெற வேண்டும் என்பது திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் (24:27) நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். மும்முறை அனுமதி கேட்டும் விடை வராவிடில் திரும்பிச் சென்றுவிட வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். வீட்டு வாசலில் இவ்வொழுக்கத்தைப் பேணும் நாம், வீட்டினுள் இருக்கும் கணினியின் வாசலைப் பற்றிச் சிந்திப்பதில்லை. பென் டிரைவைச் செருகியதும் அது தானாகத் திறந்து கொள்வதை வசதி என்றே எண்ணுகிறோம். அந்த வாசலை எவ்வாறு சீர்செய்வது என்பதை இத்திங்கள் காண்போம்.

வெம்பாக்கம், ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவாளர்களுக்குச் சேமிப்புச் சாதனம் புதிய செய்தியன்று. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரீ ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் உருவாக்கிய முறையில், துளையிட்ட அட்டைகளே தறியின் நினைவகம். ஓர் அட்டை ஓர் ஊடைக்கு உரியது. துளை உள்ள இடத்தில் பாவு நூல் உயரும். துளை இல்லாத இடத்தில் உயராது. அட்டைகளின் வரிசை மாறினால் முந்தானையின் மயில் உருக்குலைந்துவிடும். இன்றோ வடிவங்கள் கணினியில் வரையப்படுகின்றன. எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்திய தறிக்கு அட்டைக்கட்டே தேவையில்லை. வடிவக் கோப்பைப் பென் டிரைவில் கொண்டு சென்றால் போதும்.

இப்படி வடிவம் வரைபவரிடமிருந்து தறி வரை பயணம் செய்யும் அந்தச் சிறு துண்டு, போகும் இடமெல்லாம் ஒரு கணினியைத் தொட்டு வருகிறது. பிறகு அதுவே வீட்டுக் கணினியிலும் செருகப்படுகிறது. அங்கேதான் மகளின் நிக்காஹ் படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களும், ஹஜ் விண்ணப்பத்திற்கு எடுத்து வைத்த பாஸ்போர்ட் நகலும் இருக்கின்றன.

செருகிய சாதனத்தைக் கணினி ஏற்றுக்கொண்டு, அதிலுள்ள கோப்புகளை நம் கண்முன் வைப்பதை ‘மவுண்ட்’ செய்தல் என்பர். இது விருந்தினரைத் திண்ணையில் அமரச் செய்வது போன்றது. இதனால் மட்டும் தீங்கு நேர்வது அரிது. அச்சாதனத்தில் உள்ள ஒரு நிரலைக் கணினி தானே இயக்கத் தொடங்குவது, விருந்தினரை அடுக்களை வரை விடுவதற்கு ஒப்பாகும். ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

1995இல் வெளிவந்த விண்டோஸ் 95, குறுந்தட்டைச் செருகியதும் அதிலுள்ள நிரலைத் தானே தொடங்கும் ‘ஆட்டோரன்’ வசதியைக் கொண்டிருந்தது. பின்னாளில் பென் டிரைவ்கள் பெருகியபோது, தீய நிரல்கள் இந்த வழியைப் பற்றிக்கொண்டன. 2008இன் இறுதியில் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் புழு பல இலட்சம் கணினிகளைத் தாக்கியது. பென் டிரைவும் அது பரவிய வழிகளுள் ஒன்று. அதன்பின் 2009இல் வந்த விண்டோஸ் 7, பென் டிரைவ்களுக்கு இவ்வசதியை நிறுத்தியது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கும் அதே திருத்தம் அனுப்பப்பட்டது.

எனினும், செருகியதும் கோப்புறையைத் திறக்கும் ‘ஆட்டோபிளே’ பல கணினிகளில் இன்றும் இயங்குகிறது. விண்டோஸ் 10 உடையோர் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டிவைசஸ்’ என்பதைத் திறந்து, அதிலுள்ள ‘ஆட்டோபிளே’யை அணைத்துவிடலாம். விண்டோஸ் 11இல் அது ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ என்பதன்கீழ் உள்ளது. அணைத்த பின்னரும் பென் டிரைவ் பட்டியலில் தோன்றும். ஆனால் நாம் அழைக்கும்வரை திண்ணையிலேயே காத்திருக்கும். அதன்மீது வலப்பொத்தானை அழுத்தி, வைரஸ் சோதனை செய்த பின்னரே திறவுங்கள்.

பூட்டு ஒன்றே போதும் என்றும் இருந்துவிடலாகாது. 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் புழு, ஆட்டோரன் அணைக்கப்பட்ட கணினியிலும், பென் டிரைவின் கோப்புறையைத் திறந்து பார்த்த அளவிலேயே புகுந்துவிட்டது. அந்த ஓட்டையை அடைத்தது அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த திருத்தமே. ஆகவே கணினி கேட்கும் புதுப்பித்தல்களைத் தள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிவுற்றது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

விருந்தினர் ஒருபுறமிருக்க, வீட்டாரின் நிலை வேறு. வடிவங்களையும் குடும்பப் படங்களையும் நகலெடுத்து வைக்கும் சொந்த ஹார்டு டிஸ்க்கை இணைத்தால், அது தனக்குரிய இடத்தில் தானாக வந்து அமர வேண்டும். விண்டோஸில் இடையே வேறொரு சாதனம் செருகப்பட்டால், டிஸ்க்கிற்குரிய எழுத்து மாறிவிடக்கூடும். பழைய எழுத்தையே தேடும் நகலெடுப்பு நிரல், காணாமல் நின்றுவிடும். நாமோ நகல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்போம். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்பதைத் திறந்து, அந்த டிஸ்க்கிற்கு ‘இஸட்’ போன்ற கடைசி எழுத்தொன்றை நிலையாக அளித்துவிட்டால் இக்குழப்பம் பெரும்பாலும் நீங்கும்.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாகப் பாஸ் லினக்ஸ் பல இல்லங்களுக்கு அறிமுகமானது. லினக்ஸ் பயன்படுத்துவோர் ‘எஃப்எஸ்டேப்’ என்னும் கோப்பில் ஒரு டிஸ்க்கிற்கு ஒரு வரி எழுதினால், கணினி தொடங்கும்போதே அது மவுண்ட் ஆகிவிடும். அவ்வரியில் டிஸ்க்கின் பெயரை எழுதுவதைவிட, மாறாத அடையாள எண்ணாகிய ‘யூயூஐடி’யை எழுதுவதே நன்று; பெயர் கண்டறியப்படும் வரிசைக்கேற்ப மாறும். கழற்றி மாட்டும் டிஸ்க்காயின் ‘நோஃபெயில்’ என்ற சொல்லையும் சேருங்கள். இல்லாவிடில், டிஸ்க் இணைக்கப்படாத நாளில் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்து, பின் முழுதும் தொடங்காமலே நின்றுவிடக்கூடும்.

வீட்டாருக்கும் எந்நேரமும் தடையற்ற அனுமதி இல்லை. ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டுச் சிறுவரும் அனுமதி கேட்டே வர வேண்டும் என்று அதே அத்தியாயம் (24:58) கூறுகிறது. நகல் டிஸ்க்கிற்கும் அவ்வாறே ஓர் எல்லை வேண்டும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாகிரை, கணினியிலிருந்த கோப்புகளோடு, அதனுடன் இணைந்திருந்த டிஸ்க்குகளின் கோப்புகளையும் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. எந்நேரமும் இணைந்தே இருக்கும் நகல், மூலத்தோடு சேர்ந்தே அழியும். நகலெடுத்து முடிந்ததும் கழற்றி, பீரோவில் வையுங்கள்.

இறுதியாக, விடைபெறும் ஒழுக்கம். சபைக்கு வரும்போது கூறும் ஸலாமைப் போலவே விடைபெறும் ஸலாமும் முக்கியம் என்பது நபிமொழி தரும் படிப்பினை. கணினி எழுத வேண்டியதைச் சில நேரம் தன் நினைவில் தேக்கி வைத்துப் பிறகே சாதனத்தில் எழுதும். அதற்குள் பிடுங்கினால் கோப்பு சிதையும். விண்டோஸ் 10இன் 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து விரைவாகக் கழற்றும் முறை இயல்பாக அமைக்கப்பட்டுள்ளது. ஆயினும் ‘இஜெக்ட்’ கொடுத்து, கழற்றலாம் என்ற செய்தி வந்தபின் எடுப்பதே பாதுகாப்பு. லினக்ஸில் இதனைத் தவறவே விடாதீர்கள்.

தறியில் அறுந்த இழையை முடிந்துவிடலாம். மறைந்த பெற்றோரின் ஒரே படம் அழிந்துபோனால் அதை மீட்க எந்தக் கடைக்குச் செல்வது? இன்றிரவே பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு உங்கள் கணினியின் ஆட்டோபிளேயை அணைத்து விடுங்கள். ஏன் அணைக்கிறோம் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.