மனநலச் சிகிச்சையும் பயிலுநர் சான்றிதழும்: எமது ஒன்றியத்தின் நிலைப்பாடு

கொக்கட்டிச்சோலை

மட்டக்களப்பின் படுவான்கரையைச் சேர்ந்த இளம் சட்டத்தரணிகளும் பயிலுநர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் அங்கம் வகிக்கும் எமது ஒன்றியத்தின் நிர்வாகக் குழு, அண்மைய சம்பவம் தொடர்பாக அங்கத்தவர்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பதிலாக இந்த அறிக்கையை வெளியிடுகிறது. நடந்தது என்னவென்று அங்கத்தவர்கள் அறிவார்கள். சம்பந்தப்பட்டவரின் விருப்பப்படி அவருடைய பெயரும் ஊரும் இங்கு இடம்பெறவில்லை. அலுவலகத்தின் பெயரையும் குழு தவிர்த்திருக்கிறது. வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்காக இவ்வளவு மட்டும்: ஆறு மாதப் பயிலுநர் காலத்தை முடித்த அங்கத்தவர் ஒருவர் மனநலக் கிளினிக்குக்குப் போய்வருகிறார் என்று தெரிந்த பிறகு, அவருடைய சிரேஷ்டர் சான்றிதழில் கையெழுத்திடாமல் இழுத்தடிக்கிறார். தொழிலுக்குத் தாங்குவாரா என்று பார்க்க வேண்டும் என்பது வாயால் சொல்லப்பட்ட காரணம். எழுத்தில் தரும்படி கேட்டோம். இன்றுவரை எழுத்தில் எதுவும் வரவில்லை.

எமது நிலைப்பாடு இதுதான். ஒருவர் மனநலச் சிகிச்சை பெறுவதோ முன்பு பெற்றிருப்பதோ அவருடைய பயிலுநர் சான்றிதழுக்கும் நன்னடத்தைச் சான்றுக்கும் தடையாகக் கூடாது. சட்டத்தரணியாகச் சேர்த்துக்கொள்ளப்படுபவரிடம் 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு எதிர்பார்ப்பவை நன்மதிப்பும் தகுந்த அறிவும் ஆற்றலும். அந்த நன்மதிப்புக்குள் ஒருவர் இரவில் என்ன குளிசை போடுகிறார் என்பது எப்படி வந்து நுழைந்தது? பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை போட்டுக்கொண்டு மேல் நீதிமன்றத்தில் விளக்கம் நடத்தும் சிரேஷ்டர்களை நாம் எல்லோரும் அறிவோம். தாங்குவார்களா என்று அவர்களிடம் எவரும் கேட்டதில்லை.

ஒரு சட்டத்தரணி கட்சிக்காரரின் வழக்கைக் கவனிக்க முடியாத நிலையில் இருந்தால் அது வேறு விடயம் என்பதைக் குழு ஏற்றுக்கொள்கிறது. பொருத்தமான சந்தர்ப்பங்களில், நியாயமான அடிப்படையில், வேலையை வைத்து அதை மதிப்பிடலாம். இந்த வாசகம் நீண்ட விவாதத்தின் பின் சேர்க்கப்பட்டது. வேலையை வைத்து என்பதில் மட்டும் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எமது அங்கத்தவர் ஆறு மாதத்தில் ஒரு தவணையைத் தவறவிட்டார் என்றோ ஒரு நகர்த்தல் பத்திரத்தைப் பிழையாக எழுதினார் என்றோ எவரும் சொல்லவில்லை. சொல்லப்பட்டதெல்லாம் கிளினிக் கொப்பியைப் பற்றித்தான்.

அந்தக் கொப்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

எமது இளம் சட்டத்தரணிகள் வைத்தியரிடம் போகத் தயங்குவது மட்டக்களப்பில் மனநல வைத்தியம் இல்லாததால் அல்ல. போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் ஊடாக வளர்ந்த சேவை இந்த மாவட்டத்தில் இருக்கிறது. அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். அவர்கள் போகாததற்கான காரணத்தை உண்டாக்குவது எமது தொழிலேதான்.

ஒரு தாபரிப்பு வழக்கு. பிள்ளைகளுக்குச் செலவுக் காசு கேட்டு வந்த பெண் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, பொலித்தீன் உறை போட்டு மூலை மடிந்த ஒரு கொப்பியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறார். "இது உங்கட கொப்பிதானே?" "ஓம்." "என்ன கிளினிக் கொப்பி எண்டு மன்றுக்குச் சொல்லுங்க." பெண் பேசவில்லை. அவர் வாய் திறக்கும் வரை கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. பின் வாங்கில் சிரிப்புச் சத்தம். தகப்பன் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்கும் அந்தக் கொப்பிக்கும் என்ன சம்பந்தம்? 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில் அதற்கு இடம் எங்கே? வழக்கேடுகளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சட்டத்தரணிக்குப் பின்னால் நின்ற பயிலுநர் எமது அங்கத்தவர். அதேபோன்ற கொப்பி அவருடைய பையிலும் இருந்தது. அடுத்த கிளினிக் நாளுக்கு அவர் போகவில்லை.

அவர் ஏன் போகவில்லை என்று கேட்கும் சிரேஷ்டர்கள் தமது குறுக்கு விசாரணைகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். விவாகரத்து வழக்குகளில் இப்படிக் கொப்பியைத் தூக்கிக் காட்டுவது வாடிக்கையாகிவிட்டது. விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தருவது மூன்றே காரணங்கள்: சோரம், வன்மமாகக் கைவிட்டுச் செல்லல், திருமண வேளையில் இருந்த தீராத ஆண்மையின்மை. மனநோய் அதில் இல்லை. ஆனாலும் கொப்பி வருகிறது, மருந்துத் துண்டு வருகிறது, 'மூளைக்குப் பார்த்தவ' என்ற சொல் வருகிறது. பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வி என்று அதற்கு ஒரு போர்வை. உண்மையில் நோக்கம் ஒன்றுதான்: சாட்சியை வெட்கப்படுத்தி வாயடைக்கச் செய்வது.

சாட்சியின் நம்பகத்தன்மையை அசைக்கக் கேள்வி கேட்கலாம் என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 146ஆம் பிரிவு சொல்வது எமக்கும் தெரியும். 148ஆம் பிரிவு அத்தகைய கேள்விக்குச் சாட்சி பதில் சொல்ல வேண்டுமா என்பதை மன்றிடம் விடுகிறது. நியாயமான அடிப்படை இல்லாமல் அப்படிக் கேட்கக் கூடாது என்கிறது 149. அவமதிக்கவும் தொல்லை கொடுக்கவும் கேட்கப்படும் கேள்வியை மன்று தடுக்க வேண்டும் என்கிறது 152. முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பது எந்த வகைச் சட்டப் புலமை?

மனநிலையே பிரச்சினைக்குரிய விடயமாக இருக்கும் வழக்குகள் உண்டு. மரணசாசனம் எழுதியவரின் சித்த சுவாதீனம் கேள்விக்குள்ளாகும்போது கேட்கத்தான் வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவின் கீழ் எதிர்வாதம் எடுக்கப்படும்போதும் அப்படித்தான். கட்சிக்காரருக்கான கடமை என்ற வாதத்தைக் குழு இலகுவாகத் தள்ளிவிடவில்லை. ஆகவே, மனநிலை வழக்கின் எழுவினாவாக இல்லாத இடத்தில் எதிர்த்தரப்பின் சிகிச்சை விபரத்தைப் பயன்படுத்துவதை எமது அங்கத்தவர்கள் இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இயன்றவரை என்ற சொல்லைக் குழுவில் சிலர் விரும்பவில்லை. அது இருக்கிறது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு விளங்காத இன்னொன்றும் உண்டு. இந்த மாவட்டத்தில் மனநல வைத்திய நிபுணர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சிறுவர் துஷ்பிரயோக வழக்கில் அறிக்கை தருபவரும் மன்றில் நிபுணத்துவச் சாட்சியாக வருபவரும் அவர்களே. நித்திரை வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, வழக்கேட்டைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்று இன்று ஒரு வைத்தியரிடம் அழுத இளம் சட்டத்தரணி, நாளைக்கு அதே வைத்தியரைக் கூண்டில் வைத்துக் கேள்வி கேட்க வேண்டி வரலாம். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருப்பவர் தன்னுடைய கட்சிக்காரராக இருக்கலாம், நீதிமன்ற எழுதுவினைஞரின் உறவுக்காரராக இருக்கலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு 'பாதை' எனப்படும் படகுக்குக் காத்திராமல் பட்டினத்துக்குப் போய்வர முடிகிறது. ஊர்க்கதைக்கும் அதே பாலம்தான். கலியாணம் பேசும் வயதிலுள்ள பெண் சட்டத்தரணிகளுக்கு இதன் விலை இரட்டிப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பயத்தில்தான் சிலர் நூல் கட்டுவதோடும் வாக்குக் கேட்பதோடும் நின்றுவிடுகிறார்கள். கோயிலுக்குப் போவதை நாம் குறை சொல்லவில்லை. தான்தோன்றீஸ்வரரை நம்பும் ஊர் இது. மருந்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டாம் என்பதே எமது வேண்டுகோள்.

சட்டமும் எம்மோடு சேர்ந்து பிந்தியே நடக்கிறது. 1998 வரை இந்த நாட்டில் தற்கொலைக்கு முயன்றவர் குற்றவாளி. உயிர் தப்பியவரை நீதவான் முன் நிறுத்திய காலம் அது. மனநோய் பற்றிய எமது மூலச் சட்டம் இன்றும் 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். சிகிச்சைக்குப் போனவர் மன்றின் கண்ணில் எப்படித் தெரிவார் என்று இளையவர்கள் பயப்படுவதில் வியப்பென்ன?

வெளிநாடுகளிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் சட்டத்தரணியாகச் சேர விண்ணப்பிப்பவர்களிடம் மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகள் பாரபட்சமானவை என்று மத்திய நீதித் திணைக்களம் தலையிட்டு, 2014இல் மாநில உயர் நீதிமன்றத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. நியூயோர்க் 2020இல் அந்தக் கேள்வியையே விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டது. சர்வதேச சட்டத்தரணிகள் சங்கம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் பங்குபற்றியவர்களில் 41 சதவீதமானோர், தொழில் பாதிக்கப்படும் என்ற பயமில்லாமல் வேலை கொடுப்பவரிடம் தமது மனநலத்தைப் பற்றிப் பேச முடியாது என்றார்கள். எமது விண்ணப்பப் படிவங்களில் அப்படியொரு கேள்வியைக் கண்டதாக எந்த அங்கத்தவரும் சொல்லவில்லை. படிவம் கேட்காததை ஒரு சிரேஷ்டர் தன் மேசையில் இருந்துகொண்டு கேட்கிறார் என்பதுதான் எமது முறைப்பாடு.

எமது அங்கத்தவர்களின் மனதை அழுத்தும் ஏனையவை சுருக்கமாக.

கனிஷ்டர்களின் கொடுப்பனவு: இதில் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மதராஸ் உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் கனிஷ்ட வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் மாதம் 20,000 இந்திய ரூபாயும் ஏனைய இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கிடைக்க வழி செய்யுமாறு தமிழ்நாடு வழக்கறிஞர் மன்றத்தைப் பணித்ததை அங்கத்தவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். சிரேஷ்ட ஆலோசகர்களின் கருத்தையும் மதித்து இங்கே தொகை எதையும் குறிப்பிடவில்லை. ஆனால் பஸ் காசுக்குத் தாயிடம் கையேந்தும் ஒருவரைப் பார்த்து மன அழுத்தத்துக்கு யோகாசனம் செய்யுங்கள் என்று சொல்பவரோடு பேசுவதற்கு எமக்கு எதுவும் இல்லை.

மொழி: சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் 2020 டிசம்பர் வர்த்தமானி 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. இடையில் கொழும்பு போர்டிங் அறைகளில் தமிழ்மொழி மூல மாணவர்கள் பட்டபாட்டுக்கு எவரும் கணக்குச் சொல்லவில்லை.

குடி: சிரேஷ்டர்கள் அறிவார்கள்.

வழக்கேடுகளின் பாரம்: 1987 ஜனவரி 28இலும் 1991 ஜூன் 12இலும் இந்த மண்ணில் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் நாம். நுண்கடன் வழக்கு, துஷ்பிரயோக வழக்கு, காணாமலாக்கப்பட்டவரின் மனைவி கொண்டுவரும் காணி வழக்கு எல்லாம் எமக்குச் சொந்தக்காரரின் கதைபோலவே மேசைக்கு வருகின்றன. பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாசித்துவிட்டு அன்றிரவு சாப்பிட முடியாமல் போனதை முதிர்ச்சியின்மை என்று எவரும் எழுதக் கூடாது.

அங்கத்தவர்களுக்குக் குழு செய்யக் கூடியதும் சில உண்டு. கிளினிக் நாளில் ஒருவரின் வழக்குக்கு மற்றொருவர் கட்டணமின்றித் தோன்றித் தவணை கேட்பது என்று நாம் உடன்பட்டிருக்கிறோம். மன்றுக்குச் சுகயீனம் என்று சொன்னால் போதும், என்ன சுகயீனம் என்பதை எமக்கும் சொல்லத் தேவையில்லை. மாவட்டத்துக்கு வெளியே வைத்தியரைப் பார்க்க விரும்புபவர்களுக்குப் பயணச் செலவை ஒன்றியத்தின் நிதியிலிருந்து கொடுக்கலாம் என்பது கொள்கையளவில் ஏற்கப்பட்டது. பொருளாளர் தொகையை முடிவு செய்வார். பெயர் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். உயிரை மாய்க்கும் எண்ணம் வருபவர் தவணை நாளையும் கிளினிக் நாளையும் பார்த்திராமல் உடனே 1926க்கு எடுக்க வேண்டும், அல்லது ஒருவரைக் கூட்டிக்கொண்டு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நள்ளிரவானாலும் குழுவில் எவரையும் எழுப்பலாம்.

சான்றிதழ் விடயத்தில், சம்பந்தப்பட்ட அலுவலகம் இந்த மாத இறுதிக்குள் கையெழுத்திட வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று மரியாதையுடன் கோருகிறோம். 'மரியாதையுடன்' என்பது முதல் வரைவில் இல்லை. காரணம் எழுத்தில் வந்தால் உரிய இடத்தில் அதற்குப் பதில் சொல்வோம். கையெழுத்தோ காரணமோ வராவிட்டால், இலங்கை சட்டத்தரணிகள் சங்கத்துக்கு எழுதுவதற்கான தீர்மானம் அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்வைக்கப்படும். குறுக்கு விசாரணை பற்றிய பகுதியோடு உடன்படாத இரு அங்கத்தவர்களின் மாற்றுக் குறிப்பு செயலாளரிடம் இருக்கிறது. வாசிக்க விரும்புபவர்கள் கேட்டுப் பெறலாம்.

நிர்வாகக் குழுவுக்காக,
செயலாளர்