வேலி போடாத கிராமம்

ராபின் ஹூடின் கதையைப் படித்தவர்களுக்கு ஷெர்வுட் வனத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த வனத்துக்குக் கிழக்கே, நாட்டிங்ஹாம் நகரத்துக்கு வடகிழக்கில் சுமார் 20 மைல் தூரத்தில், லாக்ஸ்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இங்கிலாந்தின் தேசப்படத்தில் அதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கும். துறைமுகமில்லை, யந்திரசாலையில்லை. ஆயினும் ஆங்கிலேயரின் நில சரித்திரத்தை ஆராயப் புகுந்தவர்களுக்கு அவ்வூர் ஒரு க்ஷேத்திரம் போன்றது.

ஊரின் விசேஷம் ஊருக்குள் நுழையுமுன்பே கண்ணுக்குப் புலப்படும். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பச்சைக் கட்டம் போட்ட துப்பட்டியைப் போல வயல்கள். வயலுக்கு வயல் உயிர்வேலி. ஒவ்வொரு வேலிக்குள்ளும் ஒருவனுடைய பயிர், ஒருவனுடைய ஆடு மாடு. லாக்ஸ்டனை நெருங்கியதும் இந்த வேலிகள் திடீரென்று மறைந்து போகின்றன. மேடும் தாழ்வுமாகக் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரே வெளி. இப்படிப்பட்ட பெருவெளிகள் அவ்வூரில் மூன்று உண்டு. ஒன்றுக்கு மேல்வெளி என்று பெயர், ஒன்று தென்வெளி, மற்றொன்று காற்றாலை வெளி. மூன்றும் சேர்ந்து இப்போது சுமார் 480 ஏக்கர்.

ஊருக்குள் வந்தால் இன்னொரு விந்தை. இங்கிலாந்தின் பல பாகங்களில் பண்ணை வீடு என்பது பண்ணையின் நடுவே தனித்து நிற்கும். இங்கேயோ பண்ணை வீடுகளெல்லாம் ஒரே தெருவில் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றிற் பல தெருவுக்கு முகத்தைக் காட்டாமல் பக்கச் சுவரைக் காட்டிக் கொண்டிருக்கின்றன. பின்னால் நீண்ட கொல்லை, களஞ்சியம், தொழுவம். காரணம் சுலபமானது. எந்தக் குடியானவனுக்கும் நிலம் ஒரே இடத்தில் கிடையாது. மூன்று வெளிகளிலும் நாடாவைப் போல நீண்டு ஒடுங்கிய துண்டுகளாக அது சிதறிக் கிடக்கிறது. அப்படியிருக்க, வீட்டை எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் கட்டுவது? எல்லாவற்றுக்கும் நடுவில், ஊரில், கட்டினார்கள்.

'இது என்ன அசட்டுத்தனம்! ஒருவனுடைய நிலத்தை ஒரே இடத்தில் கொடுத்தால் ஆகாதா?' என்று கேட்கத் தோன்றும். அவ்வூர் மண் கனமான செங்களிமண். மேட்டில் தண்ணீர் வடியும், பள்ளத்தில் தேங்கும். நல்ல பூமி முழுவதும் ஒருவனுக்கும் சேற்றுப் பள்ளம் முழுவதும் இன்னொருவனுக்கும் போய்விடாமல், நல்லதிலும் ஒரு பங்கு, கெட்டதிலும் ஒரு பங்கு என்று முற்காலத்தில் வகுத்திருக்கிறார்கள். துண்டின் நீளத்தை நிர்ணயித்தது மாடு. நின்று இளைப்பாறாமல் ஏர் மாடுகள் இழுக்கக் கூடிய ஓர் உழவுசாலின் நீளம் எவ்வளவோ அவ்வளவு. நம் சாலைகளின் தூரத்தைக் கணக்கிட்டுக் கொண்டிருந்த 'பர்லாங்' என்ற சொல்லுக்குச் 'சால் நீளம்' என்பதே பொருள். 220 கெஜம் நீளமும் 22 கெஜம் அகலமும் கொண்ட நிலம் ஓர் ஏக்கர். ஏறக்குறைய ஒரு நாள் உழவு. அளவு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கண்டுபிடித்ததன்று. ஏர் மாட்டின் பின்னால் நடந்தவர்கள் கண்டுபிடித்தது.

வேலியில்லாத வெளியில் ஒருவன் தன் இஷ்டப்படி பயிரிட முடியாது. ஒரு வருஷம் ஒரு வெளி முழுவதும் கோதுமை. அடுத்த வருஷம் அதே வெளியில் வாற்கோதுமை, அவரை, பட்டாணி போன்ற வசந்தகாலப் பயிர். மூன்றாம் வருஷம் தரிசு. (இக்காலத்தில் மூன்றாம் வருஷத்தில் தீவனம் வளர்ப்பதும் உண்டு.) வெளிகள் முறை மாறிச் சுற்றிக்கொண்டே வரும். அறுவடை முடிந்ததும் முற்காலத்தில் ஊர்க் கால்நடைகளெல்லாம் ஒன்றாக அந்தத் தாளில் இறங்கி மேயும். நிலம் அதிகமில்லாதவனுக்கும் ஒரு பசுவையோ நாலு வாத்துக்களையோ வைத்துப் பிழைக்க வழியிருந்தது. உழவுக்கு லாயக்கில்லாத ஈரப் பள்ளங்களைப் புல்லாகவே விட்டு வைத்திருக்கிறார்கள். இவற்றுக்கு 'ஸைக்' என்று பெயர். உழவு படாமல் கிடந்தபடியால், மற்ற இடங்களில் அருகிப்போன காட்டுப் பூக்கள் அங்கே இன்றும் பூக்கின்றன.

இனி, ஊரின் நீதிமன்றத்துக்கு வருவோம். உலகத்தில் எந்த உழவனுக்கும் பக்கத்து நிலத்தின் எல்லையண்டை கலப்பை வரும்போது கை சற்றுத் தாராளமாகிவிடுவது சகஜம். வரப்பில்லாத நாடாத் துண்டுகளில் இந்தத் தாராளத்துக்கு இடம் அதிகம். ஆகையால் வருஷந்தோறும் நவம்பர் மாதக் கடைசியில், புதிதாகக் கோதுமை விதைத்த வெளியைப் பார்வையிட ஊர்க் குடியானவர்களிலேயே தெரிந்தெடுத்த ஜூரிகள் புறப்படுகிறார்கள். குளிரிலும் சேற்றிலும் துண்டு துண்டாக நடந்து போகிறார்கள். எல்லை மங்கிய இடத்தில் மர முளை அடிக்கிறார்கள். பொதுப் பாதைக்குள் உழுதவன் யார், புல்லுக்குள் கலப்பையை ஓட்டியவன் யார், வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டவன் யார் என்று குறித்துக் கொள்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, 'புறாக்கூடு' என்று பொருள்படும் பெயருடைய ஊர் விடுதியில் நீதிமன்றம் கூடுகிறது. நிலப்பிரபுவின் பிரதிநிதியான காரியஸ்தர் அக்கிராசனம் வகிக்க, குற்றங்கள் வாசிக்கப்பட்டு அபராதங்கள் விதிக்கப்படுகின்றன. தொகை அற்பந்தான். ஆனால் அயல்வீட்டார் அத்தனை பேர் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுவதைக் காட்டிலும் பெரிய அபராதம் வேண்டுமா? பிறகு அடுத்த வெளிக்கு அடுத்த ஜூரிகள் பிரமாணம் எடுத்துக் கொள்கிறார்கள். சென்ற வருஷம் அபராதம் கட்டியவர் இந்த வருஷம் ஜூரியாக வருவதும் உண்டாம். அப்படிப்பட்டவருடைய கண் கூர்மையாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை!

இந்தக் கிராம நீதிமன்றத்தை வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. 1977-ம் வருஷத்தில் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்து, இம்மாதிரியான பழைய பண்ணை நீதிமன்றங்களின் அதிகாரத்தை ரத்துச் செய்தது. லாக்ஸ்டன் நீதிமன்றத்துக்கு விலக்கு அளித்தார்கள். ஆகவே அந்த விடுதியில் விதிக்கும் அபராதத்துக்குச் சட்டத்தின் பலம் இன்னும் இருக்கிறது.

ஊர் மிகப் பழையது. நார்மானியர் இங்கிலாந்தை ஜயித்த பிறகு 1086-ல் எடுத்த நிலக் கணக்கில் அதன் பெயர் வருகிறது. ஊருக்கு வடபுறம் அவர்கள் எழுப்பிய மண்கோட்டையின் மேடு புல் மூடி நிற்கிறது. தேவாலயத்தில், மத்திய காலத்துப் பிரபு வம்சத்துப் பெண்மணி ஒருத்தியின் உருவம் மரத்தில் செதுக்கியது கிடக்கிறது. இவற்றையெல்லாம்விட அரிய பொக்கிஷம் ஒன்று ஆக்ஸ்போர்டு நகரத்துப் பாட்லியன் புத்தகசாலையில் இருக்கிறது. அது 1635-ம் வருஷத்தில் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த ஊர்ப் படம். ஒவ்வொரு துண்டு நிலமும் அதில் இருக்கிறது; இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள்! அவற்றின் நடுவே உழுகிறவர்களும் அறுக்கிறவர்களும் எறும்பளவு உருவங்களாகக் காட்சியளிக்கிறார்கள். படத்தை வரையச் சொன்னவர் ஊரை விலைக்கு வாங்கியிருந்த ஸர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வியாபாரி. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கப்பல் விட அதே 1635-ல் கூட்டு வியாபாரம் ஏற்படுத்தியவரும் இவரே. வாங்கின சரக்கை அளந்து பார்ப்பது வியாபாரியின் சுபாவம். அந்த சுபாவத்தினால் நமக்குக் கிடைத்தது ஒரு கிராமத்தின் உயிர்ச் சித்திரம்.

அந்தப் படத்திலுள்ளதைப் போலவே ஒரு காலத்தில் மத்திய இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களும் இருந்தன. அவை எங்கே போயின? வேலிக்குள் போயின. 1604 முதல் 1914 வரையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தனிச் சட்டங்களைப் பார்லிமெண்ட் நிறைவேற்றி, பொதுவெளிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் பிரித்து வேலியடைக்க அநுமதித்தது. அவ்வாறு அடைபட்ட பூமி சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். பெரிய நிலப்பிரபுக்கள் விண்ணப்பம் செய்வார்கள். பார்லிமெண்டில் உட்கார்ந்து அதை விசாரிக்கிறவர்களும் பெரும்பாலும் நிலப்பிரபுக்களே! பத்திரம் காட்டக் கூடியவனுக்குப் பங்கு கிடைத்தது. சிறு பங்கு கிடைத்தவனோ, வேலி போடும் செலவைத் தாங்கமாட்டாமல் அதைப் பக்கத்துப் பெரிய பண்ணைக்கு விற்றான். வழக்கத்தைத் தவிர வேறு பத்திரமில்லாமல் பசு மேய்த்து வந்தவனுக்குப் பசுவும் போயிற்று, பாலும் போயிற்று. அவன் கூலிக்காரனானான், இல்லாவிட்டால் பட்டணத்து யந்திரசாலையின் வாசலில் போய் நின்றான்.

வேலி போட்டவர்களின் கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை. பொதுவெளியில் ஒரு சோம்பேறி விட்ட களை எல்லோருக்கும் விதையாகும். நோயுள்ள ஒரு மாடு ஊர் மந்தையையே கெடுக்கும். டர்னிப் கிழங்கும் தீவனப் பயிரும் புதிதாக வந்தபோது, பயிரிட்டுப் பார்க்க ஆசைப்பட்டவனை ஊர் வழக்கம் தடுத்தது. வேலிக்குப் பின் விளைச்சல் பெருகிய இடங்கள் பல. ஆனால் பெருகிய விளைச்சல் யாருடைய களஞ்சியத்துக்குப் போயிற்று என்று கேட்கும்போதுதான் அவர்களுடைய வாதம் கொஞ்சம் தடுமாறுகிறது.

லாக்ஸ்டன் மட்டும் எப்படித் தப்பியது? ஊரார் தடியெடுத்துப் போராடியதாக நினைக்க வேண்டாம். ஊரில் நிலம் இரண்டு பெரிய பிரபுக்களிடம் பிரிந்திருந்தது. மான்வர்ஸ் பிரபு ஒருவர். ஸ்கார்பரோ பிரபு மற்றொருவர். வெளியைப் பிரிப்பதென்றால் இருவரும் நிலத்தை மாற்றிக் கொள்ள வேண்டும். உன்னுடையது எது, என்னுடையது எது என்பதில் இருவருக்கும் மனம் ஒன்றுபடவில்லை. காலம் கடந்தது. ஒருவழியாக விஷயம் தீர்ந்து நிலம் மான்வர்ஸ் வம்சத்தார் கையில் சேர்ந்த சமயத்தில், அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து குவிந்து தானிய விலை சரிந்துவிட்டது. வேலிக்கும் வடிகாலுக்கும் பணத்தைக் கொட்ட அப்போது யாருக்கு மனம் வரும்? இரண்டு பெரிய மனிதர்களின் பிணக்கினால் சாதாரண ஜனங்களுக்கு நன்மை விளைந்த சந்தர்ப்பங்கள் சரித்திரத்தில் அதிகமில்லை.

தப்பியதும் முழுமையாகத் தப்பவில்லை. பொதுவெளியின் ஓரங்கள் சிறிது சிறிதாக அடைபட்டே வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்வர்ஸ் பண்ணையார் சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிய துண்டுகளாக்கினார்கள். ஆயிரக்கணக்காக இருந்தவை நூற்றுக்கணக்காயின. 1938-ல் ஆர்வின் தம்பதிகள் 'திறந்த வெளிகள்' என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்ட நூலினால் ஊரின் புகழ் பரவிற்று. புகழ் சோறு போடுமா? 1952-ல் மான்வர்ஸ் பிரபு ஊரை விற்க நேர்ந்தது. பழைய முறை அழியாதிருக்க வேண்டுமென்று சர்க்காரின் விவசாய இலாகாவே வாங்கிக் கொண்டது. 1981-ல் அந்த இலாகா அதைக் கைவிட்டது. ராஜாங்கச் சொத்துக்களை நிர்வகிக்கும் ஸ்தாபனம் ஏற்றுக் கொண்டது. 2020-ல் அந்த ஸ்தாபனமும் விற்றுவிட்டது. வாங்கியவர்கள் தோர்ஸ்பி பண்ணையார். அதாவது பழைய மான்வர்ஸ் வம்சத்தின் வாரிசுகளே.

இத்தனை கைமாற்றங்களிலும் ஜூரிகளாக நடப்பவர்களின் சம்மதம் சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் எல்லையை நிர்ணயிக்கிறார்கள், அபராதம் போடுகிறார்கள்; ஆனால் உழும் நிலத்தில் பெரும்பகுதிக்கு அவர்கள் குத்தகைக்காரர்கள். ஓர் ஊரார் கூடித் தங்கள் நிலத்தை ஆயிரம் வருஷம் ஒழுங்காக ஆளத் தெரிந்தவர்கள் என்பதற்கு லாக்ஸ்டனைவிட நல்ல சாட்சி இங்கிலாந்தில் இல்லை. அந்தச் சாட்சி நிலைப்பதோ நிலத்துக்கு உடையவருடைய தயவில் இருக்கிறது. இப்போதைய உடையவர்கள் பழைய முறையைக் காப்பதாகவே சொல்லியிருக்கிறார்கள். நவம்பர் கடைசியில் முளைக் கட்டைகளும் சுத்தியலும் வண்டியில் ஏறுகின்றன. ஜூரிகள் கோதுமை முளைத்த வெளியில் இறங்கி, முதல் துண்டின் எல்லையைத் தேடுகிறார்கள்.