கத்துகிற கிளச்சும் காது கேளாத நாமும்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

ஆண்டு மலரில் காதலைப் பற்றியும் வரதட்சணைக் கொடுமையைப் பற்றியும் எழுத நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு கிளச் பெடலைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாத்தா வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 இன்றும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை வார்ப்பாக வைத்து மேற்கு வங்கத்து உத்தரபாராவில் செய்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அதே வண்டிதான். சாமை மூட்டை, பலாப்பழம், மணப்பெண், நோயாளி என்று அதில் ஏறாதது எதுவும் இல்லை. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டும். மாற்றும்போதெல்லாம் கிளச் பெடல் 'கிரீச்' என்று கத்தும். அப்பா வருகிறார் என்பதை அந்தச் சத்தத்தைக் கேட்டே ஊர் தெரிந்துகொள்ளும்.

சத்தம் பெருகும்போது அப்பா பெடலின் அடியில் பழைய இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றுவார். இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள் பழைய கச்சேரி. மறுபடியும் எண்ணெய். இப்படியே இரண்டு ஆண்டுகள் ஓடின.

நான் பதினோராம் வகுப்பு படித்தபோது ஒரு மழைக்கால இரவில், பிரசவ வலி கண்ட பக்கத்து வீட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் நோக்கி இறங்கினோம். காவலூரைத் தாண்டி ஒரு வளைவில் அப்பா கிளச்சை மிதித்தார். சத்தமே இல்லை! பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது.

அப்பா பதறவில்லை. வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். முதல் கியரைப் போட்டு, அப்படியே ஸ்டார்ட்டரையும் போட்டார். ஒரு குதி குதித்து இன்ஜினும் சக்கரமும் சேர்ந்தே கிளம்பின. பிறகு ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, இரண்டின் வேகமும் ஒத்துவரும் நொடி பார்த்துக் கிளச் இல்லாமலே இரண்டாம் கியருக்கு மாறினார். அந்தக் குலுக்கல்களை அக்கா எப்படித் தாங்கினார் என்று எழுத எனக்குத் தகுதியில்லை. மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்தில் குழந்தை பிறந்தது.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "எண்ணெய் ஊத்துனது யாரு தம்பி?" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வானத்தைப் பார்த்தார்.

அந்தப் பழைய வண்டியில் பெடலின் அச்சு கார்த் தரைக்குக் கீழே இருக்கிறது. பாதையின் சேறும் தண்ணீரும் நேரே அங்கேதான் தெறிக்கும். அப்பா ஊற்றிய எண்ணெய் இருந்த கொஞ்ச கிரீஸையும் கரைத்துவிட்டு, பறக்கிற மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டது. எண்ணெயும் மணலும் சேர்ந்தால் இரும்பைத் தேய்க்கும் சாந்து ஆகிவிடும். கிளச் ராடைப் பெடலோடு இணைக்கும் பின், பென்சில் முனைபோல் தேய்ந்து, அன்றிரவு முறிந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகக் கத்திச் சொன்னதை நாங்கள் எண்ணெய் விட்டு அடக்கியிருக்கிறோம்.

பிறகு கல்லூரியில் உராய்வைப் படித்தபோதுதான் அந்தக் கத்தலின் காரணம் விளங்கிற்று. நிற்கும் பொருளை நகர்த்தத் தேவையான விசை, நகர்கிற பொருளை நகர்த்திக்கொண்டிருக்கத் தேவையானதைவிடப் பொதுவாக அதிகம். வறண்ட புஷ்ஷில் அச்சு ஒட்டும், விசை மிகுந்ததும் வழுக்கும், மறுபடி ஒட்டும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடந்தால் இரும்பு அதிர்ந்து கத்துகிறது. வயலின் வில் நரம்பைப் பாட வைப்பதும் இதே வித்தைதான். பிரான்சின் அமோந்தோன் உராய்வு விதிகளை வெளியிட்டது 1699-இல். விதி தெரிந்து முந்நூறு ஆண்டுகள் ஆகியும் எங்கள் வீட்டுப் பெடலுக்கு அது வந்து சேரவில்லை!

இப்போது அந்த வேலையை நானே செய்கிறேன். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை மிதிக்கிறேன். அப்போதும் கத்தினால் குறை பெடலிலோ, ராடிலோ, ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் கொக்கியிலோ இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால், உள்ளே கிளச் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அது கிரீஸால் தீராது, கியர்பாக்ஸையே இறக்க வேண்டிய வேலை. வெளிக்குறைதான் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டை கொடுத்துவிட்டு அடியில் போகிறேன். ஸ்பிரிங்கைக் கழற்றி, பின்னை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாளால் துரு போக்குகிறேன். தேய்ந்திருந்தால் புதுப் பின், புதுப் புஷ். பிறகுதான் கிரீஸ். பக்கத்தில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இருக்கும்; அதன் ரப்பர் மீது மண்ணெண்ணெயோ கிரீஸோ பட்டால் ஊதிப் போகும், ஆகவே கவனம். கடைசியில் பெடலில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான வெற்று ஓட்டம் இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்க்கிறேன். மொத்தம் ஒரு பிற்பகல் வேலை. புஷ்ஷுக்குக் கொடுக்கும் காசு எண்ணெய்க்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

பேராசிரியப் பெருமக்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் உராய்வுக் கெழுவைக் காண மரக்கட்டையைச் சாய்தளத்தில் வைத்து நகர்த்துகிறோம். கட்டை நகர்கிறது, நோட்டில் எண் ஏறுகிறது, மதிப்பெண்ணும் வருகிறது. அந்தக் கட்டை யாரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில்லை. பருவத்துக்கு ஒரு பிற்பகலாவது மாணவர்களை ஒரு பழைய வண்டியின் அடியில் படுக்க விடக் கூடாதா? "புது வண்டிகளில் இதெல்லாம் இல்லையே, இனி எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். புது வண்டிகள் எங்கள் மலைக்கும் வருகின்றன. அவையும் ஒருநாள் பழையதாகி, விலை இறங்கித்தான் எங்கள் ஊருக்காரர்கள் கைக்கு வரும்.

காவலூரில் 234 செ.மீ. ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நானும் அதைப் பார்த்து வியந்தவன்தான். ஆனால் அந்தக் கோபுரத்துக்குச் சற்றுக் கீழேதான் எங்கள் பெடல் தரையில் விழுந்தது.

கோடை விடுமுறையில் பின்சக்கர ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றப் போகிறேன். அவையும் கொஞ்ச நாளாக முனகுகின்றன. வர விரும்பும் நண்பர்கள் பழைய சட்டையோடு வரவும். அக்காவின் மகன் இப்போது ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் வயதுக்கு வந்துவிட்டான்.