முள்ளும் தமனியும்

பெரம்பலூரில் வேலையை முடித்துக்கொண்டு, பஸ் பிடித்து அரியலூர் போய் ரயிலேறுவது எங்கள் வழக்கம். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றபடியே போனால், அரியலூர் மெஸ்ஸில் கெண்டை மீன் குழம்பு காத்திருக்கும். போன மாதம் அங்கேதான் நண்பரின் தொண்டையில் முள் மாட்டியது.

உடனே மெஸ் முழுக்க டாக்டர்கள்! “வெறுஞ்சோத்தை உருண்டை பிடிச்சு முழுங்குங்க சார்” என்றார் சப்ளையர். “வாழைப்பழம்தான் கரெக்ட்” என்றது எதிர் இலை. முதுகில் ஓங்கிக் குத்தியது யாரென்று இன்றுவரை தெரியாது. மூன்றாவது உருண்டையில் நண்பர், “போயிருச்சு!” என்றார். கைதட்டாத குறை.

மறுநாள் என் டாக்டர் மச்சானிடம் இதை ஜோக்காகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “போயிருச்சுன்னா... எங்கே போச்சு?”

நியாயமான கேள்வி. இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனிதான் உடம்பின் மெயின் பைப். நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அதில் பாய்கிறது. நெஞ்சுக்குள் அது வளைந்து திரும்பும் இடத்தில் உணவுக்குழாய் அதை ஒட்டிக்கொண்டே இறங்குகிறது. அங்கே உணவுக்குழாய் கொஞ்சம் குறுகலும்கூட. முள் மாட்ட வசதியான இடம். மேலே சோற்று உருண்டை அழுத்தினால், முள் சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டு மகாதமனியையே பதம் பார்த்துவிடலாம். ரொம்ப அபூர்வம். ஆனால் நடந்திருக்கிறது.

1914-ல் ஹான்ஸ் கியாரி என்ற ஆஸ்திரிய டாக்டர் இதற்குத் திரைக்கதையே எழுதி வைத்திருக்கிறார். முதலில் நடு நெஞ்சில் வலி. பிறகு வாயில் கொஞ்சம் ரத்தம், தானாக நின்றுவிடும். அப்புறம் இடைவேளை. சில மணி நேரமோ, சில நாளோ, ஆசாமி ஆபீஸ் போவார், கேரம் ஆடுவார். கிளைமாக்ஸில் அணை உடைந்த மாதிரி ரத்தம். அதற்குமேல் காப்பாற்றுவது மகா கஷ்டம். இடைவேளைக்கு முன்பே ஆஸ்பத்திரி போனவருக்குத்தான் அதிர்ஷ்டம்.

மகாதமனி கிழிய வேறு அபூர்வ காரணங்களும் உண்டு. டி.பி. கிருமியும், டைஃபாய்டு வகையறா சால்மொனெல்லாவும் அதன் சுவரை அரிக்கலாம். மார்ஃபான் என்ற பரம்பரைக் கோளாறு உள்ள நெடுநெடு ஆசாமிகளுக்குச் சுவர் பிறவியிலேயே வீக். 1986-ல் அமெரிக்க வாலிபால் நட்சத்திரம் ஃப்ளோ ஹைமன், ஜப்பானில் மேட்ச் நடக்கும்போதே சரிந்து இறந்தது இதனால்தான். வயது 31.

நண்பரை இழுத்துக்கொண்டு ஓடினோம். “லேசா குத்துது, அவ்வளவுதான்” என்று வழியெல்லாம் சமாதானம் சொன்னார். எக்ஸ்ரேயில் மீன் முள் பல சமயம் தெரியாதாம், ஸ்கேன் எடுத்தார்கள். அரை அங்குல முள் ஹாயாகக் குறுக்கே படுத்திருந்தது! குழாய் விட்டு எடுத்தார்கள்.

ஆகவே வாலிபர்களே, முள் குத்தினால் உருண்டை வேண்டாம், டாக்டரிடம் போங்கள். முள் போன பிறகும் நெஞ்சு வலித்தாலோ, துளி ரத்தம் வந்தாலோ, ‘வாயு’ என்று சோடா குடிக்காமல் அன்றே ஓடுங்கள்.

போன வாரம் அதே மெஸ். நண்பர் சாம்பார் கேட்டார். முருங்கைக்காயையும் ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஓரமாக ஒதுக்கி வைத்தார்.