சீட்டும் ஒரு வாக்குதான்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி.

"விளையாடப் போய் ஏமாந்தவனுக்கு வழக்கு ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் வகுப்பிலும் உண்டு. ஆசிரியப் பெருமக்களிலும் சிலர் இருக்கலாம். அவர்களுக்குப் பதில் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

சென்ற ஆண்டு சென்னையில் நடந்த கைப்பேசி விளையாட்டுப் போட்டி ஒன்றுக்கு நண்பர்கள் நால்வர் ஓர் அணியாகப் பெயர் கொடுத்தோம். நுழைவுக் கட்டணம் 600 ரூபாய். என் பங்கான 150 ரூபாய், என் தாயார் மீன் கூடை சுமந்து சேர்த்தது. கண்ணாடி விரிசல் விட்ட கைப்பேசியில் இரண்டு மாதம் பழகினோம். விடியற்காலையில் பழவேற்காட்டில் பேருந்து ஏறி, பொன்னேரியில் இரயில் பிடித்து, மண்டபத்தை அடைந்தபோது மணி ஒன்பது.

அந்த விளையாட்டில் ஓர் ஆட்டத்துக்கு நூறு பேர்தான் இறங்க முடியும். அதாவது நால்வர் அணிகள் இருபத்தைந்து. அன்று நடக்கவிருந்தவை இரண்டே ஆட்டங்கள். வாசலில் நின்ற அணிகளோ நூறுக்கு மேல்! மதியம்வரை காக்க வைத்தார்கள். பிறகு, இணையத்தில் பெயர் பெற்ற அணிகள் மட்டுமே ஆடும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மற்றவர்களுக்குப் "பின்னர் தெரிவிக்கப்படும்" என்றார்கள். இன்றுவரை தெரிவிக்கப்படவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "எத்தினி பேருக்கு எடம் இருக்குன்னு எண்ணாமலா துட்டு வாங்குனாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கள் ஏரியில் பிறந்த கேள்வி. பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. வலை கட்டும் இடங்கள் இத்தனை என்பது முதலில் தெரியும். பிறகுதான் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். படகு பெரியது என்பதற்காக ஒருவன் அடுத்தவன் முறையில் வலை விரிக்க முடியாது. அதிலும் குறை உண்டு. ஏரியை நம்பிய எல்லாருக்கும் பாட்டில் இடமில்லை, அதனால் சச்சரவுகளும் வந்ததுண்டு. ஆனால் சீட்டு விழுந்தவனுக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் நால்வரின் கதை மட்டும் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். மழையால் தள்ளிவைக்கப்பட்ட ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்ததை நாடே அறிந்தது. ஏற்பாட்டாளர்கள் பொறுப்பேற்றார்கள், உள்ளே வர இயலாதவர்கள் சீட்டின் நகலை அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொண்டார். பாராட்டத்தக்கதே. ஆனால் பணம் திரும்பினாலும் அந்த மாலைப் பொழுது திரும்புமா?

எண்ணாமல் அழைத்தால் போவது பணமும் பொழுதும் மட்டுமல்ல. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில், கிரிக்கெட் வெற்றி விழாவைக் காண வந்த 11 பேர் நெரிசலில் உயிரிழந்தார்கள். அவர்களும் நம்மைப் போன்ற இரசிகர்கள்தாம்.

இதனால் இரசிகன் செய்வதெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. 2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தாவில், பணம் கட்டியும் மெஸ்ஸியைச் சரியாகப் பார்க்க முடியாத கூட்டம் நாற்காலிகளை உடைத்தது. கோபம் நியாயமானது, நாற்காலி என்ன செய்தது? கையில் சட்டம் இருக்கிறது, நண்பர்களே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி வணிக நோக்கமின்றிக் கட்டணம் செலுத்திச் சேவை பெறுபவர் நுகர்வோரே. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் முறையிடக் கட்டணமே இல்லை. இதை அறியாமல் வெறுங்கையுடன் இரயில் ஏறிய நால்வரில் நானும் ஒருவன்.

நாளை நாமும் ஏற்பாட்டாளர்கள் ஆவோம். நாளை என்ன, நம் கல்லூரி விழாவிலேயே இவ்வாண்டு சிலர் ஆகப்போகிறோம். ஆகவே விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு போட்டிக்கும் எத்தனை இடம் என்பதை முதலில் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். பிறகு பெயர் வாங்குங்கள். இடம் நிரம்பியதும் "நிரம்பிவிட்டது" என்று சொல்லிவிடுங்கள். கூட்டம் மிகுந்தால் குலுக்கிப் போடுங்கள். முகம் பார்த்துப் பொறுக்காதீர்கள்.

இது பெரிய சீர்திருத்தம் அன்று. பள்ளிக்கூடம் போகாத என் தாயாருக்குத் தெரிந்த கணக்குதான்.